இருபத்திரண்டை ஒன்றாக்கிய மருமகனுக்கு

மொராவா ஆற்றின் இக்கரை
ஞாயிற்றுக்கிழமை, பகல்

வியன்னா மாநகரில் கணினித் தொழிலில் கொடிகட்டிப் பறக்கும் என் அருமை மருமகன் ரேல்யாவுக்கு, உன் தாயின் ஒரே அண்ணனும், உனக்கு ஒன்று இரண்டு எண்ணக் கற்றுக்கொடுத்தவனுமாகிய மாமன் புதிமிர் எழுதிக்கொண்டது. இங்கே நான், என் தேனீக்கள், இரண்டு பன்றிகள், பிளம் தோட்டம் ஆகிய அனைவரும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சற்று முன்பு ஒரு கணம் அப்படி விரும்பவில்லை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன்.

நிற்க. இந்தக் கடிதத்தை நான் வீட்டுப் பின்புறச் சாமான் அறையில், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, முட்டைக்கோஸ் பீப்பாய்க்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே நின்றபடி கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே முற்றத்தில் கல்யாணக் கூட்டம். கல்யாணம் என்னுடையது. பெண் வந்துவிட்டாள், பெண்ணின் தம்பி வந்துவிட்டான், பித்தளை ஊதுகுழல்காரர்கள் வந்து ஊதியும் முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் இன்னும் மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை ஆக வேண்டியவன். இத்தனைக்கும் காரணம் ஸ்கேலா என்ற உன் கணினிக் கருவியில் நீ செய்த முன்னேற்றம். பொழுது சாய்வதற்குள் அந்த முன்னேற்றத்தை நீ பின்னேற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பெர்சிதா கடைசிப் படகில் ஏறி அக்கரைக்குப் போய்விடுவாள். போனால் வரமாட்டாள். போனில் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. உன் மனைவி எடுத்து ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னாள். எனக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு என்றாலும் அந்த நேரத்தில் ஒன்றும் புரியவில்லை.

பெர்சிதாவைப் பற்றி உன் அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள். அவளை மணக்க அக்கரையில் பெரிய போட்டி நடந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர், ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், ஏன், ஒரு மந்திரியின் மைத்துனன்கூட வரிசையில் நின்றதாகக் கேள்வி. அவள் என்னைத்தான் தேர்ந்தெடுத்தாள். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அவளுடைய முதல் கணவன் லாரி ஓட்டியவன், நல்லவன்தான், ஆனால் நாள் என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்பான், செவ்வாய்க்கிழமை வந்து நிற்பான். மகளின் ஞானஸ்நானத்துக்கே அடுத்த நாள்தான் வந்தானாம். இறந்த அன்றைக்கும் சாயங்காலம் வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனானாம். அதனால் அவள் என்னிடம், "பொன்னு வேணாம், பொருளு வேணாம். ஒரு நாளைச் சொல்லுங்க, சொன்ன நாள்ல அங்க இருங்க. அது ஒண்ணு போதும் எனக்கு" என்றாள். நான் மார்பில் அடித்து, "செப்டம்பர் இருபத்திரண்டு, ஞாயிறு, என் வீட்டு முற்றம். பூமி பிளந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டேன். இருவருக்கும் இது இரண்டாம் கல்யாணம் என்பதால் பெண் வீட்டுக்குப் போய், கம்பத்து உச்சியில் கட்டிய ஆப்பிளைத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளிப் பெண்ணை அழைத்துவரும் கூத்தெல்லாம் வேண்டாம், எல்லாரும் நேராக இங்கேயே கூடிக் கோயிலுக்குப் போய்விடுவோம் என்று முடிவாயிற்று. அந்த ஆப்பிளை நான் கண்ணைக் கட்டிக்கொண்டே சுடுவேன் என்பது வேறு விஷயம்.

அழைப்புக்கு வருவோம். நம் கரையில் வழக்கப்படி பக்கத்து வீட்டு ஸ்ரேதென் பூச்சுற்றிய மரக்குடுவையில் பிளம் சாராயம் நிரப்பிக்கொண்டு வீடு வீடாகப் போய், ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் கொடுத்து, வாயாலேயே நாளைச் சொல்லிவிட்டு வந்தான். கல்யாணத்தில் எனக்குச் சாட்சி நிற்கப்போகிறவனும் அவன்தான். ஆனால் அக்கரைக்காரர்கள் கொஞ்சம் மிடுக்கானவர்கள். அவர்களுக்கு அச்சடித்த அழைப்பு அனுப்ப வேண்டும், அதுவும் என் மருமகன் செய்த கருவியில் அடித்ததாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஊர் உலகமே என் மருமகனின் ஸ்கேலாவில்தான் எழுத்தை ஏற்றி அழகான பக்கமாக இறக்கிக்கொள்கிறது, அமெரிக்க ஜனாதிபதிகூட அதில்தான் கையெழுத்துப் போடுகிறார், அந்தப் பெயரே சின்ன வயதில் நான் அவனை மொராவாவில் ஸ்கேலா என்னும் மரப் படகேற்றி அழைத்துப் போனதால் வந்தது என்று நான் சொல்லாத ஆள் இல்லை. போன டிசம்பரில் எங்கள் குலப் புனிதர் நிகோலாவின் விருந்துக்கு நானே அதில் அழைப்பு அடித்தேன். மேலே தனி வரியில், பெரிய எழுத்தில், 19. டிசம்பர். அச்சுப் பிசகாமல் பத்தொன்பது என்றே வந்தது. சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது, வந்து பார்.

இந்தத் தடவையும் அதே போல்தான். மேலே தனி வரியில் 22. செப்டம்பர். கீழே எங்கள் இருவர் பெயர். பெர்சிதா பெயர் மட்டும் ஜொலிக்கட்டும் என்று அதன் இருபுறமும் ஒவ்வொரு நட்சத்திரக் குறி போட்டேன். காகிதம் வெளியே வந்ததும் பார்க்கிறேன், நட்சத்திரங்களை உன் கருவி விழுங்கிவிட்டது, எழுத்தெல்லாம் சரிந்து பெர்சிதா சாய்ந்து நிற்கிறாள்! நான் பக்கத்தில் கம்பம் மாதிரி நேராக நிற்கிறேன், அவள் என் மேல் விழப்போகிறவள் மாதிரி சாய்ந்திருக்கிறாள். நானும் ஸ்ரேதெனும் ஒரு பகல் முழுக்க அந்தச் சாய்வைப் பற்றியே விவாதித்தோம். "அண்ணே, இது காதல் சாய்வுண்ணே. இப்படியே இருக்கட்டும்" என்றான் அவன். எனக்கும் பிடித்துப்போயிற்று. அந்தச் சாய்வைப் பார்த்த கண் மேலே உள்ள வரியைப் பார்க்கவில்லை. எனக்கு மூக்குக் கண்ணாடி தேவையில்லை என்பது உனக்குத் தெரியும், போட்டிருந்தால் ஒருவேளை பார்த்திருப்பேன்.

இன்று காலை, செப்டம்பர் முதல் தேதி. நான் பழைய பனியனும், செய்தித்தாளில் மடித்த தொப்பியுமாக ஏணி மேல் நின்று வாசல் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றுப் பக்கம் இருந்து ஊதுகுழல் சத்தம். யாருக்கோ யோகம் அடித்திருக்கிறது என்று நானும் தூரிகையால் தாளம் போட்டேன். சத்தம் நெருங்கி நெருங்கி என் ஏணிக்கு அடியிலேயே வந்து நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் ஊதுகுழல்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு பேருந்து நிறையச் சனம், எல்லாரும் கல்யாண வழக்கப்படி சட்டைப் பையில் ரோஸ்மேரிக் கொத்து குத்தியிருக்கிறார்கள், நடுவில் நீல உடையில் பெர்சிதா! பக்கத்தில் அவள் தம்பி மிலூதின். அவனை நீ மறந்திருக்க மாட்டாய். நிஜமான ஸ்கேலாவை, அந்த மரப் படகை, இன்றைக்கும் ஓட்டுகிறவன் அவன்தான்.

"யோவ் புதிமிர்! நாள் வெச்சுட்டு ஏணில நிக்குற மாப்பிள்ளைய இன்னைக்குத்தான்யா பாக்குறேன்" என்றான் மிலூதின்.

"என்ன நாள்? எந்த நாள்?"

"உன் நாள்தான்யா! உன் மருமகன் மெஷின்ல அடிச்ச நாள்!" என்று மார்புப் பையிலிருந்து அழைப்பை எடுத்து நீட்டினான். ஏணியில் இருந்தபடியே, கண்ணாடி இல்லாமலே, தெள்ளத்தெளிவாகப் படித்தேன் மருமகனே. 1. செப்டம்பர். ஞாயிறு. அந்த ஞாயிறு என்பதுதான் என்னைக் கொன்றது. இருபத்திரண்டும் ஞாயிறு, ஒன்றும் ஞாயிறு. வேறு கிழமையாக இருந்திருந்தால் எவனாவது ஒருவன் சந்தேகப்பட்டிருப்பான்.

நான் ஏணியிலிருந்து கம்பீரமாக இறங்கினேன். பெயின்ட் டப்பாவும் கூடவே இறங்கியது. சத்தம் கேட்டு ஸ்ரேதென் ஓடிவந்தான், கையில் இன்னும் அந்தக் குடுவை.

"அண்ணே, நான் போன வீட்டுல எல்லாம் இருபத்திரண்டுன்னுதாண்ணே சொன்னேன். குடிச்சிருந்தேன், ஒத்துக்குறேன். ஆனா இருபத்திரண்டுன்னுதான் சொன்னேன்!"

"இருபத்திரண்டு வாய் குடிச்சிருப்பே, அதைச் சொல்லியிருப்பே" என்றான் மிலூதின். கூட்டம் கைதட்டியது. எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பெர்சிதா வால்நட் மரத்தடிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளிடம் போய், "பெர்சிதா, உனக்குத் தெரியுமே, நாம பேசினது இருபத்திரண்டுதானே?" என்று கேட்டேன். அவள் என்னை மேலிருந்து கீழ் வரை, காகிதத் தொப்பியிலிருந்து பச்சைச் செருப்பு வரை, ஒரு தடவை பார்த்தாள்.

"பேச்சைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க புதிமிர். முதல் ஆளு ஆயுசு பூரா பேசினாரு. இது காகிதம்."

அவ்வளவுதான். மிச்சத்தை மிலூதின் சொன்னான். "இதோ பாரு, எங்கக்கா ஊரைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்குது. கடைசிப் படகு பொழுது சாயக் கிளம்பும். அதுக்குள்ள கோயில்ல அவ தலைல கல்யாணக் கிரீடம் வெச்சாச்சுன்னா சரி. இல்ல, ஏத்திட்டுப் போயிருவேன், திருப்பி ஏத்த மாட்டேன். எத்தனையோ வருஷமா நான் மூட்டை ஏத்துறேன். அந்தக் கரைல இருபத்திரண்டு ஏத்தினா இந்தக் கரைல இருபத்திரண்டுதான் இறங்கும். உன் மருமகன் ஸ்கேலால ஏத்தினா ஒண்ணுதான் இறங்குது. அவன் படகு ஓட்டுறானா, மூட்டைய ஆத்துல தள்ளுறானா?"

மருமகனே, அந்தக் கேள்வி நம் குடும்பத்தின் மேலேயே வீசப்பட்டது. அதனால்தான் விருந்தினரை உபசரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டேன். உபசரிக்க என்ன இருக்கிறது? பன்றி இரண்டும் உயிரோடு இருக்கிறது, விருந்துக்கென்று பீப்பாயில் ஊறவைத்த கோஸ் இன்னும் புளிக்கவில்லை. ஒரு சட்டி மொச்சைச் சூப்பு இருந்தது, அதை ஊதுகுழல்காரர்களே முடித்துவிட்டார்கள்.

இங்கே வந்து கணினியைத் திறந்து, உங்கள் ஆட்கள் குறை கேட்கும் பக்கத்துக்கே போய்க் குறையை எழுதினேன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது ஊரறிந்த விஷயம், தெரியாத வார்த்தைகளை மட்டும், அதாவது அநேகமாக எல்லாவற்றையும், கணினியே பெயர்த்துக்கொடுத்தது. உடனே ஒருவர் பதில் போட்டார். பெயர் இல்லை, முகத்துக்குப் பதிலாக ஒரு தவளைப் படம். "பிரச்சினையை மீண்டும் ஒருமுறை உண்டாக்கிக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். நான் எழுதினேன்: "ஐயா, இந்தக் கூட்டத்தை அனுப்பிவிட்டு மறுபடி கூட்டச் சொல்கிறீர்களா? இருப்பதற்கே சூப்பு போதவில்லை." அடுத்து, "முடிந்தவரை சிறிய உதாரணமாகக் கொடுங்கள்" என்றார். நம் குடும்பத்தில் எதுவும் சிறியது கிடையாது என்று பதில் போட்டேன். கடைசியில் அழைப்பை அப்படியே அனுப்பினேன். தவளை அதைப் படித்துவிட்டு விளக்கம் எழுதியது. அதை உனக்கே விளக்குகிறேன், ஏனென்றால் செய்தவன் நீயாக இருந்தாலும் புரிந்துகொண்டவன் நான்.

அதாவது, நம் சனங்கள் தேதி எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைப்போம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முட்டியில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த புள்ளி. என் நான்கு வருஷப் படிப்பில் நான் முழுசாகக் கற்றது அது ஒன்றுதான். வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் வந்தால் உன் கருவி அதைத் தேதி என்று நினைப்பதில்லையாம், ஏதோ பட்டியல் என்று நினைக்குமாம். போன டிசம்பரில்கூட அது பட்டியல் என்றுதான் நினைத்ததாம், ஆனால் அப்போது எந்த எண்ணில் தொடங்கினாலும் அந்த எண்ணை மதித்து அப்படியே விட்டுவிடுமாம். நீ கோடைக்காலத்தில் ஒரு மாற்றம் கொண்டுவந்தாயாம்: பட்டியல் எதுவானாலும் இனி ஒன்றிலிருந்துதான் தொடங்கும், அதுதான் ஒழுங்கு. ஜூலையில் புதிய பதிப்பு தானாக இறங்கியபோது அந்த வரியை நானும் திரையில் பார்த்தேன். பட்டியலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், நான் என்ன மளிகைக் கடையா வைத்திருக்கிறேன் என்று மூடிவிட்டேன்.

"பழையபடி மாற்றித் தாருங்கள்" என்று தவளையிடம் கேட்டேன். பழைய முறை கருவியின் நிரலில் இன்னொரு கிளையில் இருக்கிறது, அது இன்னும் மூலக் கிளையோடு சேரவில்லை என்றது. கிளையைப் பற்றி எனக்குப் பாடமா? இந்த ஜில்லாவிலேயே என்னைப் போல் பிளம் மரத்தில் ஒட்டுப் போடுகிறவன் கிடையாது, என் ஒட்டு மரங்களைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஆள் வந்தார்கள். கிளை சேர வேண்டுமானால் இரண்டையும் வெட்டி, துணி சுற்றிக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், இதில் என்ன தாமதம் என்று கேட்டேன். அதற்குத் தவளை, புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டிருந்தால் தேதி தப்பியிருக்கும் என்றது. பெர்சிதாவைச் சாய்த்தது போதாது, தேதிக்கும் சாய்வா? பிறகு என் குறைக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி எழுதி மூடிவிட்டது: "எதிர்பார்த்தபடியே நடக்கிறது."

யார் எதிர்பார்த்தது மருமகனே? நீ எதிர்பார்த்தாயா? நான் எதிர்பார்த்தேனா? நான் பனியனில் அல்லவா நின்றேன்?

இப்போது என் தலை ராட்டினம் போல் சுற்றுகிறது. இன்றைக்கே கல்யாணம் செய்துகொண்டால் நம் கரை முழுவதற்கும் ஸ்ரேதென் குடுவை வைத்துச் சொன்ன இருபத்திரண்டு பொய்யாகிவிடும், ஊரையெல்லாம் குடிக்கவைத்து ஏமாற்றினவன் ஆவேன். இருபத்திரண்டுக்குத் தள்ளினால் பெர்சிதா கையிலிருக்கும் காகிதம் பொய்யாகிவிடும். லாரிக்காரனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை என்றாகிவிடும். எதைக் காப்பாற்றினாலும் இன்னொன்றில் சொன்ன நாளில் இல்லாதவன் ஆகிறேன். நான் எத்தனையோ சிக்கலைத் தீர்த்தவன், ஓடு தொழிற்சாலையில் சூளை வெடித்தபோது ஒற்றைக் கையால் நிறுத்தியவன். இது பிடிபடவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. உடனே அந்தப் பழைய கிளையை ஒட்டு. ஒட்டினதும் அக்கரைக்காரர்கள் பைகளில் இருக்கும் காகிதங்களில் எல்லாம் ஒன்று அழிந்து இருபத்திரண்டு வந்துவிடும் அல்லவா? எந்த நிமிஷத்தில் வரும் என்று மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிவி. நான் முற்றத்துக்குப் போய், "மிலூதின், இப்ப எடுத்துப் பாருய்யா!" என்று சொல்வேன். அவன் முகம் போகும் போக்கை நான் பார்க்க வேண்டும். ஒருவேளை அச்சடித்த காகிதம் மாற நேரம் பிடிக்கும் என்றால், தப்பு கருவியுடையது, என் மாமன் வாக்குத் தவறாதவர் என்று பெர்சிதாவுக்கு உன் கையால் நாலு வரி எழுதி அனுப்பு. அதைச் சாய்வில்லாமல் எழுது.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கூட்டம் சும்மா இருக்க மாட்டாமல் தோட்டத்தில் இறங்கி என் பிளம் பழங்களைப் பறித்துக் கூடை கூடையாகக் குவித்துக்கொண்டிருக்கிறது, நல்ல உடுப்போடு. மிலூதின் மரத்தின் மேலே நிற்கிறான். பாதிரியார் சத்தம் கேட்டுப் பூசை முடிந்த கையோடு வந்து, "கல்யாணம் எப்ப?" என்று எல்லாரிடமும் கேட்கிறார். ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். பெஞ்சில் பெர்சிதாவைக் காணோம்.

உன் மனைவிக்கு என் ஆசீர்வாதம். உன் அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லாதே, சொன்னால் ஏணியை மட்டும் விட்டுவிடு. உன் கையும் கண்ணும் விசைப்பலகையும் நீண்ட காலம் சுகமாக இருக்கட்டும். புனித நிகோலா உன் படகையும் என் படகையும் கரை சேர்க்கட்டும்.

உன் மாற்றத்தால் மாறாத அன்புடைய மாமன்,
புதிமிர்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. கடிதத்தை அனுப்பப் போகும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். தோட்டத்துப் பக்கக் கதவுக்கு நான் தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறேன். பெர்சிதா நிற்கிறாள், கையெல்லாம் பிளம் கறை. என் தோளுக்கு மேலாகக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள், கர்னல் விஷயம் உட்பட.

"கர்னலா? யாரு அந்தக் கர்னலு?" என்றாள். பிறகு முட்டைக்கோஸ் பீப்பாய் மேல் உட்கார்ந்தாள். "காகிதம் கைக்கு வந்த அன்னைக்கே பாத்துட்டேன். இருபத்திரண்டு ஒண்ணா இருந்துச்சு. எனக்குத் தெரியாதா நாம பேசின நாளு? போன் போட்டுச் சொல்லத்தான் எடுத்தேன். அப்புறம் வெச்சுட்டேன்."

"ஏன் பெர்சிதா? ஊரே சிரிக்குதே!"

"சொன்ன நாளுக்கு முன்னாடி ஒரு மனுசன் இருந்து நான் பாத்ததே இல்ல. ஒரு தடவை பாத்துடலாம்னு தோணிச்சு."

"நான் எங்கே முன்னாடி வந்தேன்? நான் பாட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருந்தேன்."

"வீட்டுல இருந்தீங்கள்ல? நான் வர்றப்போ இருந்தீங்கள்ல? அதுதான் நான் கேட்டது" என்று சொல்லி என் தலையிலிருந்த செய்தித்தாள் தொப்பியை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஆகவே இப்போது கோயிலுக்குப் போகிறோம். ஸ்ரேதெனை நிற்கவைக்க முடிந்தால் அவன்தான் சாட்சி. மிலூதின் படகைக் கட்டிப்போட்டுவிட்டு வருகிறான். இருபத்திரண்டாம் தேதியும் அப்படியே நிற்கிறது, அன்றைக்கு நம் கரைக்கு விருந்து, கோஸ் அதற்குள் புளித்துவிடும், நீயும் உன் மனைவியோடு வந்துவிடு. கிளையை ஒட்டாதே, எதையும் தொடாதே. அந்தத் தவளையிடம் மட்டும் என் பெயரால் சொல், அது எழுதியது சரிதான் என்று: எதிர்பார்த்தபடியே நடக்கிறது. எதிர்பார்த்தது யார் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.